எழுதியவர் யார், எழுத வைத்தவர் யார்: ரூம்மேட்ஸ் டாட் காம் வழக்கு

வாடகை வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கூடத் தங்கி வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். ரூம்மேட்ஸ் டாட் காம் தளத்தில் விளம்பரம் போடப் போகிறீர்கள். பெயர், இருப்பிடம், மின்னஞ்சல் முகவரி என்று வழக்கமானவற்றைக் கேட்ட பிறகு, நீங்கள் ஆணா பெண்ணா என்று படிவம் கேட்கிறது. பாலியல் நாட்டம் என்ன என்று கேட்கிறது. வீட்டில் குழந்தைகள் உண்டா என்று கேட்கிறது. பதிலை உங்கள் சொற்களில் எழுத முடியாது. சொடுக்கினால் கீழே விரியும் பட்டியலில் இருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் படிவம் நகராது. வரப்போகிறவர் இதே மூன்று விஷயங்களில் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் பதிய வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு காலிப் பெட்டி வருகிறது. ‘கூடுதல் குறிப்புகள்’ என்று அதற்குப் பெயர். அங்கே எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆட்கள் எழுதவும் எழுதினார்கள். வெள்ளைக்கார ஆண்களே வேண்டும் என்றார் ஒருவர். கறுப்பின முஸ்லிம்கள் வேண்டாம் என்றார் இன்னொருவர். போதைப்பொருள், குழந்தைகள், விலங்குகள் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து விலக்கினார் ஒருவர். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வர வேண்டாம் என்றும் ஒரு விளம்பரம் இருந்தது.

இந்தத் தளத்தின் மீது வழக்குப் போட்டால் அது எதற்காக மாட்டிக்கொள்ளும்? நாகரிகமாகக் கேள்வி கேட்டுப் பதிலை வரிசைப்படுத்திய பட்டியலுக்காகவா, வெறுப்பு வழிந்த அந்தப் பெட்டிக்காகவா? சட்டம் படிக்காத யாரிடம் கேட்டாலும் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அமெரிக்காவின் 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) 2008 ஏப்ரல் 3 அன்று நேர்மாறாகச் சொன்னது. பெட்டிக்குத் தளம் பொறுப்பல்ல. பட்டியலுக்குப் பாதுகாப்பு இல்லை.

இணைய விளம்பரத்துக்கும் பயனர்கள் இடும் பதிவுகளுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியில், நடைமுறைக்கு இதைவிடப் பயன்பட்ட தீர்ப்பு குறைவு என்பது என் எண்ணம். அதே வழக்கு 4 ஆண்டுகள் கழித்துத் தலைகீழாகக் கவிழ்ந்து முடிந்தது என்பதும், அதன் பிறகும் தீர்ப்பின் விதி மட்டும் சாகாமல் நின்றது என்பதும் இதை விரிவாகப் பார்க்கத் தூண்டுகின்றன.

மோதிக்கொண்ட இரண்டு சட்டங்கள்

முதலாவது, 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில் கையெழுத்தான சட்டம் அது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுத்ததோடு நிற்காமல், விளம்பரத்தையும் தனியே பிடித்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் விருப்பு வெறுப்புக் காட்டும் வீட்டு விளம்பரத்தை உருவாக்குவது, அச்சிடுவது, வெளியிடுவது மூன்றுமே குற்றம். பாலினம் 1974இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. மாற்றுத்திறனும், குழந்தைகளோடு வசிக்கும் குடும்பநிலையும் 1988இல் சேர்ந்தன.

‘வெளியிடுவது’ என்ற சொல் எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1970இல் மேரிலாந்து மாநிலத்தின் ‘தி கூரியர்’ என்ற சிறு பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் வந்தது. தனியார் வீடு ஒன்றின் அடித்தளத்தில் குடியிருப்பு வாடகைக்கு என்பது செய்தி; அது ‘வெள்ளையர் வீடு’ என்பது அதில் ஒட்டியிருந்த நஞ்சு. உரிமையாளரே குடியிருக்கும் சிறிய வீட்டில் யாரைச் சேர்ப்பது என்பதில் சட்டம் அவருக்கு விலக்கு அளித்திருந்தது. மனதில் வைத்துக்கொண்டு செய்தால் கேள்வியில்லை. விளம்பரமாகச் சொன்னால்தான் குற்றம். அந்த விளம்பரத்தை எழுதியது பத்திரிகை அல்ல, காசு கொடுத்த வாசகர். ஆனாலும் 1972இல் 4ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்திரிகையைத்தான் பொறுப்பாக்கியது. அச்சில் வந்த விளம்பரத்துக்கு அச்சிட்டவரும் பதில் சொல்ல வேண்டும் என்பது அதோடு நிலைத்தது.

இரண்டாவது, 1996இல் வந்த தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டத்தின் 230ஆவது பிரிவு. அது பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தன் தளத்தில் மற்றவர்கள் வெளியிட்டதைப் பார்ப்பதே இல்லை. அதனால் 1991இல் ஒரு நியூயார்க் நீதிமன்றம் அதைப் புத்தகக் கடைக்காரரைப்போல் நடத்தி அவதூறு வழக்கிலிருந்து விடுவித்தது. புராடிஜி என்ற போட்டி நிறுவனமோ, குடும்பங்கள் பயன்படுத்தும் சேவை என்று பெயர் வாங்க விரும்பி, வசைச் சொற்களை வடிகட்ட மென்பொருளும் பதிவுகளை மேற்பார்க்க ஆட்களும் வைத்திருந்தது. 1995இல் அதே மாநிலத்தின் இன்னொரு நீதிமன்றம், நீ பார்த்துத் திருத்துகிறாய், எனவே நீ பதிப்பாளர், எவரோ எழுதிய அவதூறுக்கும் நீயே பொறுப்பு என்றது. கண்ணை மூடிக்கொண்டவன் தப்பினான், கண்ணைத் திறந்து பார்த்தவன் மாட்டினான்.

இந்தக் கோணலை நிமிர்த்தக் கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற, இரு வேறு கட்சிகளைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து கொண்டுவந்ததுதான் 230. ஆங்கிலத்தில் அதன் மையம் 26 சொற்கள். வேறொருவர் தரும் தகவலுக்கு, அதைத் தாங்கும் இணையச் சேவையைப் பதிப்பாளராகவோ பேசியவராகவோ நடத்தக் கூடாது என்பது சாரம். கூட்டாட்சிக் குற்றவியல் சட்டம், அறிவுசார் சொத்துரிமை போன்ற சில மட்டும் இதற்கு வெளியே வைக்கப்பட்டன. வீட்டுவசதிச் சட்டம் அந்த விதிவிலக்குகளில் இல்லை.

ஆக, பத்திரிகையில் வந்தால் பத்திரிகை பொறுப்பு. அதே வரி இணையத்தில் வந்தால் தளம் பொறுப்பல்ல. மேலோட்டமாகப் படித்தால் அவ்வளவுதான். ஆனால் ‘வேறொருவர் தரும் தகவல்’ என்பதில் அந்த ‘வேறொருவர்’ யார்? சட்டம் அதற்கும் வரையறை தருகிறது. ஒரு தகவலை உருவாக்குவதற்கோ வளர்த்தெடுப்பதற்கோ முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ பொறுப்பானவர் எவரும் அதைத் தந்தவர்தான். ‘ஒரு பகுதியாக’ என்ற சொல்லும் ‘வளர்த்தெடுப்பது’ என்ற சொல்லும் பன்னிரண்டு ஆண்டுகள் பெரிதாக யார் கண்ணையும் உறுத்தாமல் அங்கே கிடந்தன. இந்த வழக்கு அவற்றின்மேல்தான் ஏறி நின்றது.

வழக்கு நடந்த வழி

வழக்குத் தொடுத்தவை சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு, சான் டியாகோ ஆகிய பகுதிகளின் நியாயமான வீட்டுவசதி மன்றங்கள். கூட்டாட்சிச் சட்டத்தோடு கலிபோர்னியாவின் மாநிலச் சட்டத்தையும் அவை பற்றிக்கொண்டன. பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது மாநிலச் சட்டம்தான். அப்போது தளத்தில் ஏறத்தாழ 1,50,000 விளம்பரங்கள் நடப்பில் இருந்தன. நாளொன்றுக்குப் பத்து லட்சம் முறை பக்கங்கள் பார்க்கப்பட்டன. மாவட்ட நீதிமன்றம் 230ஐக் காட்டி, கூட்டாட்சிச் சட்டப்படியான கோரிக்கைகளை 2004இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் மூவர் அமர்வு 2007இல் மூன்று விதமாக எழுதியது. அதன் பிறகே 11 நீதிபதிகள் கொண்ட விரிவான அமர்வுக்கு வழக்கு போனது. 8 பேர் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம். பெரும்பான்மைக்கு எழுதியவர் தலைமை நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி.

தீர்ப்பு தளத்தை ஒரே மொத்தையாகப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பிரித்து மேசைமேல் பரப்பியதுபோல், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே கேட்டது: இதை உருவாக்கியது யார்?

கேள்விகளை உருவாக்கியது தளம். இதில் வாதத்துக்கே இடமில்லை. வீட்டுத் தரகர் ஒருவர், வருபவரிடம் உங்கள் இனம் என்ன என்று நேரிலோ தொலைபேசியிலோ கேட்டால் சட்டவிரோதம் என்றால், அதே கேள்வி திரையில் வந்துவிட்டதால் மட்டும் அது சட்டப்படி சுத்தமாகிவிடாது என்றார் கோசின்ஸ்கி. தளம் தன் வாயால் கேட்டது. அதற்கு 230இல் பாதுகாப்பு இல்லை.

அடுத்தது பதில்கள். இங்கேதான் சிக்கல். ‘பெண்களோடு மட்டும் தங்குவேன்’ என்று தேர்ந்தெடுத்தவர் பயனர். எனவே அது பயனரின் தகவல் என்று தளம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பதில் சொல்வதைக் கட்டாயமாக்கியது தளம். சொல்லக்கூடிய பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்தது தளம். அவற்றைக் கோத்து ஒவ்வொருவருக்கும் ஒரு விளம்பரப் பக்கமாக ஆக்கியதும் தளம். பயனர் விரல் வைத்தார் என்பது உண்மை. ஆனால் விரல் வைக்க வேறு இடம் விடப்படவில்லை. இருவரும் சேர்ந்து உருவாக்கியதாகத்தான் அதைக் கொள்ள முடியும் என்பது தீர்ப்பு.

மூன்றாவது, தேடலும் மின்னஞ்சல் அறிவிப்பும். குழந்தைகளோடு இருப்பவர் தேடினால், குழந்தைகள் வேண்டாம் என்று பதிந்தவர்களின் வீடுகள் அவர் கண்ணில் படாது; அவற்றைப் பற்றிய மின்னஞ்சலும் அவருக்குப் போகாது. இந்த வடிகட்டலைப் பயனர் எழுதவில்லை; தளம் வடிவமைத்தது. சாதாரணத் தேடுபொறியில் ஒருவர் ‘வெள்ளைக்கார அறைத்தோழர்’ என்று தட்டித் தேடினால் தேடுபொறி அந்தச் சட்டமீறலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. அது எதையும் தேடித் தரும் நடுநிலையான கருவி. இந்தத் தளமோ விலக்கப்பட வேண்டிய அளவுகோலையே தன் கருவியின் அச்சாணியாக வைத்திருக்கிறது. இந்த வேறுபாடுதான் தீர்ப்பின் மிகக் கூர்மையான பகுதி என்று நினைக்கிறேன். 2008இல் இதைப் படித்தவர்களில் எத்தனை பேர் இது விளம்பரத் தொழிலின் அடிமடியில் கை வைக்கும் என்று கண்டார்களோ தெரியாது.

கடைசியாக அந்தக் காலிப் பெட்டி. அங்கே எழுதப்பட்டதைத் தளம் கேட்கவில்லை, தூண்டவில்லை, திருத்தவில்லை. எழுதியபடியே வெளியிட்டது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து இதில் பாகுபாடு இருக்கிறதா என்று நுணுகித் தீர்மானிக்கும் சுமையைத்தான் 230 தளங்களின் தோளிலிருந்து இறக்கி வைத்தது. எனவே முழுப் பாதுகாப்பு.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டும் விதி ஒன்றையும் நீதிமன்றம் வகுத்தது. உள்ளடக்கத்துக்குப் பங்களித்தாயா என்பது கேள்வியல்ல. அதில் எது சட்டவிரோதமோ அந்த அம்சத்துக்குக் கணிசமாகப் பங்களித்தாயா என்பதே கேள்வி. விளங்க வைக்கத் தீர்ப்பு தரும் உதாரணம் அழகானது. ஒருவர் ஓவியத்தைத் ‘திருடவில்லை’ என்று பயனர் எழுதி அனுப்புகிறார். ஆசிரியர் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறார், ஆபாசச் சொல்லை நீக்குகிறார், நீளத்தைக் குறைக்கிறார். இதனால் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் அந்த ‘இல்லை’யை எடுத்துவிட்டு ‘திருடினார்’ என்று ஆக்கினால், அவதூறு அவர் கையால் பிறந்தது. தமிழில் இந்த உதாரணம் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. நம் மொழியில் எதிர்மறை வினைமுற்றின் வாலில்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த விதி ஒரு பழைய சங்கடத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. 2003இல் இதே நீதிமன்றம் ஒரு துணைதேடும் தளத்தை விடுவித்திருந்தது. ஒரு நடிகையின் பெயரில் யாரோ பொய்யான சுயவிவரம் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தளமும் தேர்வு வினாக்கள் கொண்ட நீண்ட படிவம் வைத்திருந்தது. அப்படியானால் இங்கே மட்டும் ஏன் வேறு முடிவு? அந்தத் தளத்தின் கேள்விகளில் அவதூறு எதுவும் இல்லை, பொய்யைச் சேர்த்தது முழுக்கப் போலிப் பயனர் என்று கோசின்ஸ்கி பதில் சொன்னார். துணை தேடும் தளம் பாலினத்தையும் மதத்தையும் கேட்கலாம்; காதலில் தேர்ந்தெடுப்பது சட்டவிரோதம் அல்ல. வீட்டு விளம்பரத்தில் கேட்டால் சட்டவிரோதம். கேள்வி ஒன்றே, அது நிற்கும் துறை வேறு.

மூன்று வாரங்களுக்கு முன் இன்னொரு தீர்ப்பு

இதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2008 மார்ச் 14 அன்று, சிகாகோவில் 7ஆவது வட்டார நீதிமன்றம் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய வரி விளம்பரத் தளத்தின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அங்கும் வீட்டு விளம்பரங்கள், அங்கும் ‘சிறுபான்மையினர் வேண்டாம்’ வகை வரிகள், அங்கும் அதே வீட்டுவசதிச் சட்டம். மாதம் 3 கோடிக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் வரும் தளத்தை 30 பேருக்கும் குறைவானவர்கள் நடத்தினார்கள். நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் தளத்தை விடுவித்தார். பாகுபாடு காட்டும்படி யாரையும் அந்தத் தளத்தின் அமைப்பு தூண்டவில்லை என்பது அவர் காரணம்.

இரண்டையும் முரண்பட்ட தீர்ப்புகள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் முழுவதுமே ஒரு காலிப் பெட்டி. ரூம்மேட்ஸில் காலிப் பெட்டி கடைசிப் பகுதி மட்டும்.

மாறுபட்ட மூவர்

நீதிபதி மார்கரெட் மெக்கியோன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை ரைமர், பியா ஆகிய இருவரும் ஏற்றனர். பெட்டி விஷயத்தில் அவர்களுக்கும் பெரும்பான்மைக்கும் வேறுபாடு இல்லை. மற்றதில்தான்.

அவர்களுடைய முதல் கவலை எதிர்பார்க்கக்கூடியது. படிவமும் பட்டியலும் தேடலும் இல்லாத தளம் ஏது? தகவலை ஒழுங்குபடுத்துவதையே ‘வளர்த்தெடுப்பது’ என்று சொல்லிவிட்டால் இணையத்தில் பாதி வழக்கு மன்றத்துக்கு வந்துவிடும். ‘கணிசமாக’ என்றால் எவ்வளவு என்றும் சொல்லப்படவில்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே முடித்துத் தளத்தைக் காப்பதற்காக வைத்த பாதுகாப்பு, ஒவ்வொரு முறையும் உண்மை விசாரணை நடத்திப் பார்த்துத்தான் கிடைக்கும் என்றால் அதன் பயன் பாதி போய்விடும். நியாயமான கவலைதான். ஆனால் இதே கவலையைத் தளங்களின் வழக்கறிஞர்கள் எந்த வழக்கிலும் சொல்வார்கள்.

இரண்டாவது ஆட்சேபம்தான் ஆழமானது. பெரும்பான்மை, சட்டவிரோதத்துக்குப் பங்களித்தாயா என்று கேட்கிறது. ஆனால் இங்கே சட்டவிரோதம் நடந்ததா என்பதையே இன்னும் எந்த நீதிமன்றமும் முடிவு செய்யவில்லை. அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பதில் பாலினம் பார்ப்பது வீட்டுவசதிச் சட்டத்தை மீறுவதா? அது தெரியாமலே, மீறல் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தளம் பங்களித்தது என்று எப்படிச் சொல்வது? குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டியிருக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சுருக்கம்.

2008இல் இது ஒரு நுணுக்க வாதமாகத்தான் படிக்கப்பட்டிருக்கும். 2012இல் அது வேறு மாதிரி ஒலித்தது.

வழக்கு கவிழ்ந்தது

பாதுகாப்பு போன பிறகு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே ரூம்மேட்ஸ் தோற்றது. பாலினம், பாலியல் நாட்டம், குழந்தைகள் பற்றிய கேள்வி, வடிகட்டல், விளம்பரம் எல்லாவற்றுக்கும் நிரந்தரத் தடை. எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவாக ஐந்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையும் கட்ட வேண்டும் என்று உத்தரவு. மறுபடியும் மேல்முறையீடு. மறுபடியும் கோசின்ஸ்கி, இந்த முறை மூவர் அமர்வில். தீர்ப்பு 2012 பிப்ரவரி 2 அன்று வந்தது.

இப்போதுதான் அந்த அடிப்படைக் கேள்வி முதன்முறையாக நேராக எழுந்தது. வீட்டுவசதிச் சட்டம் ‘குடியிருப்பு’ என்று சொல்வது எதை? ஒரு கட்டடமோ அதன் பகுதியோ குடும்பங்கள் வசிப்பதற்கானது என்றால் அது குடியிருப்பு என்கிறது சட்டம். அடுக்குமாடியில் ஒரு வீடு நிச்சயமாக அந்தப் ‘பகுதி’. ஒரே வீட்டுக்குள் ஓர் அறை? அப்படியும் படிக்கலாம். ஆனால் அப்படிப் படித்தால் அரசு நம் சமையலறைக்குள்ளும் குளியலறை வாசல் வரைக்கும் வந்துவிடும் என்றது நீதிமன்றம். அறைத்தோழர் வெறும் அண்டை வீட்டுக்காரர் அல்ல. அவரிடம் வீட்டுச் சாவி இருக்கும். நாம் தூங்கும்போது அவர் வீட்டில் இருப்பார். ஒரு பெண் பாதுகாப்புக் கருதி இன்னொரு பெண்ணைத் தேடுவதில் என்ன தவறு? உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதர் ஒருவர், குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் தன் உணவுக்குப் பக்கத்தில் பன்றி இறைச்சி இருக்குமோ என்று கவலைப்படாமல் வாழ, தன் நம்பிக்கையையே கொண்ட ஒருவரை விரும்புவதில் என்ன தவறு? நெருங்கிய உறவுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டம் காக்கிறது. அந்தச் சிக்கலைத் தவிர்க்கும் வகையிலேயே வீட்டுவசதிச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கலிபோர்னியாவின் சட்டத்துக்கும் அதே பொருள் கொள்ளப்பட்டது.

அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பது சட்டத்துக்குள் வராது என்றால், அதற்காகக் கேள்வி கேட்பதும் வடிகட்டுவதும் விளம்பரப்படுத்துவதும் சட்டவிரோதம் அல்ல. தடை நீங்கியது, செலவுத் தொகை உத்தரவும் போனது. ரூம்மேட்ஸ் வென்றது.

2003இல் தொடங்கிய வழக்கு 2012இல் முடிந்தபோது கிடைத்த காட்சி இது: சட்டவிரோத உள்ளடக்கத்துக்குத் தளம் எப்போது பொறுப்பாகும் என்ற நாட்டின் முக்கியமான விதி, உள்ளடக்கத்தில் சட்டவிரோதமே இல்லாத ஒரு வழக்கில் பிறந்திருக்கிறது. மெக்கியோன் சொன்னது அப்படியே நடந்தது. சட்டத்தில் இப்படி நடப்பது அபூர்வமில்லை என்றாலும், இரண்டு தீர்ப்புகளையும் ஒரே நீதிபதி எழுதியிருக்கிறார் என்பது கொஞ்சம் புன்னகைக்க வைக்கிறது. 2008இல் மீறல் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியவர், அதை 2012இல் தாமே இல்லையென்றார்.

அப்படியானால் 2008 விதி தவறா? இல்லை என்றே நினைக்கிறேன். அது ஒரு பாகப்பிரிவினை விதி. எந்தப் பங்கு பயனருடையது, எந்தப் பங்கு தளத்துடையது என்று பிரிக்கிறது. பிரிக்கப்படும் சொத்தில் கடன் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அறைத்தோழர் விஷயத்தில் கடன் இல்லை என்று தெரிந்தது. அதனால் பிரித்த கோடு அழிந்துவிடவில்லை. 2009இல் 10ஆவது வட்டார நீதிமன்றம், தொலைபேசி அழைப்பு விவரங்களைக் காசுக்கு விற்ற ஒரு தளத்தின் மீது இதே வழியில் நடவடிக்கையை உறுதி செய்தது. 2014இல் 6ஆவது வட்டாரம், ஊர்வம்பு பேசும் தளம் ஒன்றைப் பற்றிய அவதூறு வழக்கில் ‘கணிசமான பங்களிப்பு’ என்ற அளவுகோலை ஏற்று, அந்தத் தளத்தை விடுவித்தது. பயனர் அனுப்பியதைத் தேர்ந்தெடுத்ததும், அடியில் ஆசிரியர் தன் கருத்தை எழுதியதும் போதாது என்றது. ஆக இந்த விதி இரு பக்கமும் வெட்டும்.

விளம்பரம் வாங்குபவரும் விளம்பரம் விற்பவரும்

உண்மையில் இந்த விதிக்குப் பொருத்தமான வழக்கு பிறகுதான் வந்தது. அது காலிப் பெட்டியிலிருந்து வரவில்லை, விளம்பரம் வாங்கும் பக்கத்திலிருந்து வந்தது.

2016 அக்டோபரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம், ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் வாங்குபவர் குறிப்பிட்ட இனச் சார்புள்ளவர்களுக்கு அது தெரியாதபடி விலக்க முடிகிறது என்று காட்டியது. விளம்பரத்தின் வாசகத்தில் எந்தக் குற்றமும் இருக்காது. ‘இரண்டு படுக்கையறை வீடு, உடனே குடிபுகலாம்’ என்றுதான் இருக்கும். பாகுபாடு வாசகத்தில் இல்லை. யாருக்குக் காட்டுவது என்ற தேர்வில் இருக்கிறது. ‘தி கூரியர்’ பத்திரிகையில் அந்த வரியைப் படித்த கறுப்பினத்தவருக்குத் தன்னை விலக்கியிருக்கிறார்கள் என்பதாவது தெரிந்தது. இங்கே விலக்கப்பட்டவருக்கு அப்படியொரு வீடு இருந்ததே தெரியாது.

பயனர் தேர்ந்தெடுத்தார், நாங்கள் கருவி மட்டும் தந்தோம் என்று சொல்வது ரூம்மேட்ஸ் சொன்ன அதே வாதம். கருவியின் பட்டியலில் அந்த வகைகளை எழுதி வைத்தது யார் என்பது அதற்கு 2008இலேயே கொடுக்கப்பட்ட பதில். இங்கே 2012இன் தப்பிக்கும் வழியும் இல்லை. விற்கப்படுவது ஒரே வீட்டுக்குள் ஓர் அறை அல்ல, முழு வீடு.

2018இல் தேசிய நியாயமான வீட்டுவசதிக் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2019 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டு, வீடு, வேலை, கடன் விளம்பரங்களுக்குத் தனி வாசல் வைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே மாதம் 28ஆம் தேதி கூட்டாட்சி வீட்டுவசதித் துறை தனியே குற்றம் சாட்டியது. அது 2022 ஜூன் 21 அன்று அரசின் நீதி அமைச்சகத்தோடு ஏற்பட்ட சமரசத்தில் முடிந்தது. அபராதம் 1,15,054 டாலர். அந்த நிறுவனத்துக்கு அது தேநீர்க் காசு. ஆனால் அந்தச் சட்டத்தில் விதிக்கக்கூடிய உச்ச அபராதமே அவ்வளவுதான். பெரிய விஷயம் வேறு. வாடிக்கையாளர்களைப் போன்றவர்களைத் தேடித் தரும் ஒரு கருவியை வீட்டு விளம்பரங்களுக்கு நிறுத்தவும், விளம்பரம் யார் கண்ணில் படுகிறது என்பதிலுள்ள இன, பாலின ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் முறையொன்றைக் கட்டவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர் எதையும் விலக்காதபோதும், எந்த முகத்துக்கு எதைக் காட்டினால் சொடுக்குவார்கள் என்று இயந்திரமே கணித்து விலக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் அது. அந்தக் கணிப்பில் பயனரின் விரல்கூட இல்லை.

சமரசங்கள் என்பதால் 230 பற்றி இவற்றில் நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. சொன்னது 2023 ஜூனில். நியூயார்க்கில் வீடு தேடிய ஒரு பெண், தன் கண்ணில் படும் வீட்டு விளம்பரங்களைவிட வெள்ளைக்காரத் தோழியின் கண்ணில் படுபவை அதிகம் என்று கண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்திருந்தார். கீழ் நீதிமன்றம் அதை 230 காட்டித் தள்ளுபடி செய்திருந்தது. 9ஆவது வட்டாரம் அந்தத் தள்ளுபடியை நீக்கியது. விளம்பரதாரர்கள் என்ன எழுதினார்கள் என்பதற்காக யாரும் வழக்குப் போடவில்லை, ஃபேஸ்புக் கட்டிக் கொடுத்த கருவிகளுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றது. அதற்கு மேற்கோளாக எடுத்தது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தான் பிரித்து மேசையில் பரப்பிய அந்தப் படிவத்தையும், சொடுக்கினால் விரியும் அந்தப் பட்டியலையும்தான்.